பூரத்தின் நிறம்

"நீங்க ஊதுங்க சார்."

சொல்லிவிட்டேன். ஆய்வகத்துச் சோதனைப் பெட்டியை அவர் மேசைமேல் வைத்து, அதன் ஊதுகுழாயின் வாயை அவர் பக்கமாகத் திருப்பியும் விட்டேன்.

ஜெயசீலன் சார் குழாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மேசைமேல் அவருடைய போன் அதிர்ந்தது. யார் என்றுகூடப் பார்க்காமல் அதைக் குப்புறக் கவிழ்த்தார்.

"என்னம்மா சொன்ன?"

"உங்களை ஊதச் சொன்னேன்."

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஹெப்சிபா அக்கா எனக்கு ஒரு சட்டம் சொன்னார். அவர்தான் எங்கள் ஆபீஸ் மேனேஜர். "உப்பளத்துல யாரை வேணும்னாலும் ஊதச் சொல்லு உச்சினி. கங்காணியச் சொல்லு, லாரி டிரைவரச் சொல்லு. இந்த ஏசி ரூமுக்குள்ள இருக்குறவங்களை மட்டும் சொல்லிராத. சாருக்குப் பிடிக்காது." ஏன் என்று கேட்டேன். "பெரிய எடத்து மூச்சு நமக்கு எதுக்குட்டி?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் போல என்று விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் மரியாதை என்பதே எதையெல்லாம் கேட்கக் கூடாது என்பதுதான். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

பூரம் என்று ஒரு பொருள் உண்டு. நாட்டுமருந்துக் கடையில் அந்தப் பெயர், கல்லூரி ஆய்வகத்தில் கலோமெல். பாதரசமும் குளோரினும் சேர்ந்த வெள்ளைப் பொடி. தண்ணீரில் கரையாது, ருசியும் கிடையாது. அதிலேயே குளோரின் இன்னொரு பங்கு கூடினால் அதற்குப் பெயர் வீரம். அது கரையும், ஆளையும் கொல்லும். அண்ணன் தம்பி மாதிரி இரண்டும். தம்பி பார்க்க சாது. ஆனால் அம்மோனியா பட்டால் கறுத்துவிடுவான். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத அளவு பட்டாலும் போதும்.

சிறுநீரகம் கெட ஆரம்பித்தவர்களின் மூச்சில் அம்மோனியா வரும். இந்த இரண்டையும் சேர்த்து ஒருவர் இயந்திரம் செய்தார். அவர்தான் ஜெயசீலன் சார்.

வெயில் மனித உடம்பு தாங்கும் அளவைத் தாண்டிப் போன பிறகு, உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் போனது. முப்பது வயதில், முப்பத்தைந்தில். ஊர்வலம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்து ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு அளத்து வாசலிலும் ஓர் இயந்திரம் நிற்க வேண்டும். காலையில் எல்லோரும் ஊத வேண்டும். பூரம் பூசிய சின்ன வில்லை ஒன்று உள்ளே இருக்கும். அது கறுத்தால் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு என்றால் அன்றைக்குச் சம்பளத்தோடு ஓய்வு, வைத்தியம் முதலாளி செலவு. பச்சை என்றால் உள்ளே போய் உப்பு வார வேண்டும். இயந்திரத்துக்கு 'மூச்சுவாசல்' என்று கம்பெனி பெயர் வைத்தது. ஜனங்கள் ஊதுபெட்டி என்றார்கள்.

வில்லை கறுத்ததா இல்லையா என்பதை இயந்திரம் எப்படி முடிவு செய்யும்? இன்னொரு வில்லையோடு ஒப்பிட்டுத்தான். அதற்குப் பெயர் மூலவில்லை. ஆரோக்கியமான ஆள் ஒருவர் ஊதிய வில்லை. அதைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலாகக் கறுத்தால்தான் சிவப்பு. வெளிச்சத்திலும் பூரம் மெல்லக் கெடும் என்பதால் மூலவில்லையை இருட்டுப் பெட்டியில் பூட்டி வைப்போம். யாரும் உள்ளே பார்க்க முடியாது. விளக்கு சொல்வதுதான்.

அந்த ஆரோக்கியமான ஆள் நான்.

திங்கட்கிழமைதோறும் ஆய்வகத்தில் ஒவ்வோர் அளத்துக்கும் ஒரு வில்லை என்று ஊதித் தள்ளுவேன். பிறகு பைக்கில் அளம் அளமாகப் போய்ப் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவேன். ஆபீஸில் என் பெயரே மாறிவிட்டது. "என்ன ஸ்டாண்டர்டு, ஊதியாச்சா?" என்பார்கள். எனக்கு அது பெருமை. எங்கள் தெருவில் காலேஜ் முடித்த முதல் ஆள், எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள், இப்போது என் மூச்சு இந்தக் கடற்கரைக்கே அளவுகோல். அம்மா அதை யாரிடம் எல்லாம் சொன்னாள் என்று கணக்கே இல்லை.

என் அக்கா சுடலைவடிவு அளத்தில்தான் வேலை செய்கிறாள். ஆறு மாதமாக அவளுக்குக் காலில் வீக்கம். காலையில் வாந்தி. நான் கேட்டால் சிரிப்பாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி. பெட்டி பச்சைதானே காட்டுது? நீதானே அதுல வேலை பாக்க? உம் பெட்டி பொய் சொல்லுமா?"

"பெட்டியை விடுக்கா. முகம் ஏன் இப்படி ஊதியிருக்கு?"

"வெயிலுதான். இன்னொண்ணு கேளு, எங்கூட வாரவளுவ எவளும் பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டேங்காளுவ. எனக்கு வாயில மூத்திர வாடை அடிக்காம். உப்பப் போட்டுப் பல்லு தேச்சுப் பாத்தேன், அப்பவும் போவல. இத்தனை வருசம் வாரிக் கொட்டியிருக்கேன், அந்த உப்புக்காவது எம்மேல ஒரு மரியாதை இருக்க வேண்டாமா?"

அவள் சிரித்தாள். அந்த வாடை என்ன வாடை என்று எனக்குத் தெரியும். அதைப் பிடிப்பதற்குத்தானே எங்கள் இயந்திரம்?

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் மோசம்.

"ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போச்சும்மா. பெட்டியில எத்தனை தடவை சிவப்பு வந்துது?"

"ஒரு தடவைகூட வரல டாக்டர்."

"அப்ப வேலையால வந்ததுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாதே. நான் எழுதினாலும் சட்டப்படி நிக்காது. பச்சை எரிஞ்சா நோய் அளத்துல வரலைன்னுதான் அர்த்தம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "பொறவு?" என்று மட்டும் கேட்டாள். இந்தப் பெண் எட்டாம் வகுப்போடு நின்று அளத்துக்குப் போனதால்தான் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.

அது நேற்று. இன்று விடியும்போதே நானும் அக்காவும் அளத்து வாசலுக்குப் போனோம். என்னிடம் சாவி இருந்தது. அக்காவின் சேலையை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு, ஊதுபெட்டியின் அடியில் இருந்த இருட்டுப் பெட்டியைத் திறந்து, மூலவில்லையை ஒரு நொடி வெளிச்சத்தில் பார்த்தேன்.

வெள்ளையாக இருக்க வேண்டியது, அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதைக் கழற்றி, கறுப்பு டப்பியில் மூடி எடுத்துக்கொண்டேன்.

அதனால்தான் இப்போது ஜெயசீலன் சாரின் முன்னால் குழாயோடு நிற்கிறேன்.

"மூலவில்லையைத் திறந்தியா?" சாரின் குரல் உயர்ந்தது. "வெளிச்சம் பட்டாக் கெட்டுப்போகும்னு தெரியாதா உனக்கு? கெமிஸ்ட்ரிதானே படிச்ச?"

"தெரியும் சார். ஒரு நொடி வெளிச்சத்துல பூரம் சாம்பலாகாதுன்னும் தெரியும். அது திங்கக்கிழமை நான் ஊதின வில்லை. இதுல ரெண்டே விஷயம்தான் இருக்க முடியும். நம்ம வில்லையே மட்டமான சரக்கா இருக்கணும், யார் ஊதினாலும் கறுக்கும். இல்லைன்னா எனக்கு ஏதோ ஆயிருக்கணும். எதுன்னு தெரிய, அளத்துல கால் வைக்காத ஒருத்தர் ஊதணும். இந்த ரூம்ல அது நீங்கதான்."

"நீ கொஞ்சம் டென்ஷன்ல இருக்க. உட்காரு."

"நேத்தும் ஒருத்தர் உட்காரச் சொன்னார் சார். நான் நின்னுக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாடம் நடத்தத் தயாராகிறார் என்று அர்த்தம்.

"உச்சினி, உனக்குப் புரியும், அதனால சொல்றேன். மெட்ராஸ்ல ஏசில உட்கார்ந்திருக்கிறவன் உடம்பை மூலமா வச்சு இங்க அளந்தா என்ன ஆகும்? எல்லாருக்கும் சிவப்பு எரியும். ஒரு வாரத்துல எல்லா அளத்தையும் மூடணும். யாருக்குக் கஷ்டம்? உங்க ஜனங்களுக்குத்தான். சாப்பாடு வேற, தண்ணி வேற, வெயில் வேற. உள்ளூர் உடம்புக்கு உள்ளூர் அளவு. அதுக்குத்தான் உன்னை மாதிரி ஒரு ஆளை மூலமா வச்சோம். இது விஞ்ஞானம்மா. அரசியல் பண்ணாத."

"காலேஜ்ல கலோமெல் மின்முனைன்னு ஒண்ணு வச்சிருப்போம் சார். எதை அளந்தாலும் அதோட ஒப்பிட்டுத்தான் அளப்போம். மத்ததெல்லாம் மாறும், அது அசையாதுங்கிற நம்பிக்கை. அந்த மூலமே அசைஞ்சா மீட்டர் காட்டுற எதுக்கும் அர்த்தம் கிடையாதுன்னு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துட்டாங்க. நான் கெடக் கெட என் வில்லை கறுத்துச்சு. அது கறுக்கக் கறுக்க, எங்க அக்கா இன்னும் கொஞ்சம் கெட்டாலும் பச்சைதான் எரிஞ்சுது. நானும் அவளும் சேர்ந்தே கெட்டுட்டு இருந்தோம். உங்க பெட்டி எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, வித்தியாசம் இல்லை, போயி உப்பு வாருன்னு சொல்லிச்சு. இதுக்குப் பேரு விஞ்ஞானமா சார்?"

"குரலைக் குறை."

"நீங்க எந்த ஊரு சார்?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பக்கத்துல நாசரேத்துன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார். அப்ப நீங்களும் உள்ளூர் உடம்புதானே? ஊதுங்க."

"நான் பதினஞ்சு வருஷம் வெளிநாட்டுல இருந்தவன்!"

சொன்ன பிறகு அவருக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சினார். போன் குப்புறக் கிடந்தபடியே மேசையில் நகர்ந்தது.

கதவைத் தட்டிவிட்டு ஹெப்சிபா அக்கா உள்ளே வந்தார்.

"சார், அளத்துலேர்ந்து கங்காணி போன் மேல போன் அடிக்காரு. நீங்க எடுக்கலைன்னு ஆபீஸ் லைனுக்கு வாராரு. ஏதோ அவசரமாம்."

"அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க."

அக்கா திரும்பினார். அப்போதுதான் மேசைமேல் இருந்த குழாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அடிப்பாவி" என்று உதடு மட்டும் அசைந்தது.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதுதான். திட்டம் போட்டதில்லை.

"அக்கா, நீங்க எந்த ஊரு?"

"இது என்னட்டி கேள்வி? திரேஸ்புரம்."

"குடிக்கிற தண்ணி?"

"உங்க தெருவுக்கு வார அதே லாரித் தண்ணிதான். நாலு நாளைக்கு ஒருக்க."

"நேத்து என்ன கொழம்பு?"

"சாளை. ஏன், உனக்கு வேணுமா?"

"உங்க வெயிலு?"

"எனக்கு என்னட்டி வெயிலு? காலைல ஆட்டோ, பொறவு ஏசி, சாயங்காலம் ஆட்டோ." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அக்கா மந்தமான ஆள் கிடையாது. இத்தனை வருடம் இந்த ஆபீஸை நடத்துவது அவர்தான்.

"அதே ஊரு, அதே தண்ணி, அதே மீனு" என்றேன். "வெயிலும் அளமும் மட்டும் கிடையாது. சார், நீங்க ஊத வேண்டாம். அக்கா ஊதட்டும்."

"ஹெப்சிபா, வேண்டாம்."

அந்த 'வேண்டாம்' கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. அது மெல்ல வந்திருந்தால் அக்கா சிரித்துக்கொண்டே வெளியே போயிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"ஏன் சார் வேண்டாம்?" என்றார் அக்கா. "காத்துதானே? காசா பணமா?"

கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைச் சேலைக்குள் தள்ளிவிட்டு, குனிந்து, குழாயை வாயில் வைத்து ஊதினார். கேக் மெழுகுவத்தி அணைப்பது போல ஒரே மூச்சு.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கையும் அணைத்தேன். பெட்டியைத் திறந்து, போன் வெளிச்சத்தை விரலால் பாதி மறைத்துப் பிடித்தேன்.

வெள்ளை. இடித்துச் சலித்த பச்சரிசி மாவு போல வெள்ளை.

அக்காவின் வில்லையை மூல இடத்தில் வைத்தேன். காலையில் அளத்திலிருந்து கழற்றி வந்த என் சாம்பல் வில்லையைத் தொழிலாளி இடத்தில் வைத்து மூடினேன்.

அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரியும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். இருட்டறையில் சாரின் சட்டை, அக்காவின் முகம், என் கை எல்லாம் சிவந்து கிடந்தன.

எனக்கு இருபத்துநாலு வயது.

முதலில் அக்காதான் பேசினார். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"சார், இவளுக்கு இண்டர்வியூ நடந்த அன்னைக்கு, வந்த பிள்ளையள எல்லாம் ஊத வச்சீங்களே. தட்டுல வில்லைகளை அடுக்கி நாந்தான் உங்ககிட்ட கொண்டாந்தேன். ஒண்ணு மட்டும் அழுக்குக் கலர்ல இருந்துச்சு. கெட்டுப்போன வில்லை, தூரப் போட்டிரவான்னு கேட்டேன். நீங்க, வேண்டாம், அதைத் தனியா வைங்கன்னீங்க."

எனக்கு அந்த இண்டர்வியூ வரிக்கு வரி ஞாபகம் வந்தது. வேதியியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் மதிப்பெண்ணே பேசிவிட்டது என்று நினைத்தேன். சார் கேட்டது வேறு. அப்பா என்ன வேலை, வீடு எங்கே, லீவில் அளத்துக்குப் போவாயா? ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு கோடை லீவும் போயிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த பிள்ளை என்று நினைப்பார்கள் என்று. "வெரி குட்" என்றார். கையெழுத்துப் போட்டார். அம்மா தெருவெல்லாம் பூந்தி கொடுத்தாள்.

ஒரு டிகிரி, ஒரு கெட்ட சிறுநீரகம். அவர்களுக்கு வேண்டியது இரண்டாவது. முதலாவது, இரண்டாவதைப் பற்றி யாரும் கேட்காமல் இருக்க.

"என் மார்க்கைப் பார்த்து எடுத்தீங்கன்னு நினைச்சேன் சார்."

"மார்க்கும் பார்த்தோம்மா."

'மார்க்கும்' என்றார். அந்த ஒரு 'உம்'முக்காக அவரை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

"அப்ப லேசாத்தான் இருந்துச்சு" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் போகும்னு நான் நினைக்கல. பாரு, உனக்கு ட்ரீட்மென்ட் கம்பெனி பார்த்துக்கும். பெரிய ஆஸ்பத்திரியில. உங்க அக்காவுக்கும் சேர்த்தே பார்ப்போம். நான் பேசுறேன். நீ கொஞ்ச நாள் லீவு போடு. மூலத்துக்கு வேற ஆள் பார்த்துக்கலாம்."

"வேற ஆள்னா? எந்த அளத்துப் பிள்ளை சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைக் காகிதங்களை அடுக்கினார்.

"எனக்கும் எங்க அக்காவுக்கும் மட்டும் வைத்தியம். பாத்தியில நிக்கிற மத்தவங்களுக்குப் பச்சை. அப்படித்தானே?"

"எல்லாரையும் காப்பாத்த யாராலயும் முடியாது. ப்ராக்டிக்கலா யோசி. சிவப்பு எரிஞ்சா முதலாளிங்க இந்தப் பெட்டியையே தூக்கிப் போட்டுருவாங்க. அப்புறம் எந்தப் பாதுகாப்பும் இல்லை."

"இப்ப இருக்கா?"

திரையைத் திறந்தேன். வெயில் உள்ளே விழுவதற்குள் ஹெப்சிபா அக்காவின் வில்லையை எடுத்து, வெளிச்சம் புகாத கறுப்பு டப்பிக்குள் போட்டு மூடினேன். அக்கா பார்த்தார். சாரும் பார்த்தார்.

"அது கம்பெனி சொத்து. வச்சுட்டுப் போ."

"வில்லை கம்பெனியோடது. மூச்சு ஹெப்சிபா அக்காவோடது. அக்கா, எடுத்துக்கவா?"

"நான் ஊதித் துப்பினதுதானே" என்றார் அக்கா. "எனக்கு எதுக்கு? கொண்டு போ." சொல்லிவிட்டுச் சாரின் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"சாவியை வை!" சார் எழுந்துவிட்டார். "அளத்துப் பெட்டிச் சாவியை வச்சுட்டு வெளிய போ. அதைத் திறந்தா போலீஸ்ல சொல்வேன்."

இடுப்புப் பையிலிருந்து சாவியை எடுத்து, குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். போன் மறுபடி அதிர்ந்தது. மேசை விளிம்புவரை நகர்ந்து வந்துவிட்டது, இன்னும் ஓர் அழைப்பு வந்தால் கீழே விழுந்துவிடும்.

"எடுங்க சார். கங்காணிதான். காலையிலேர்ந்து உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லப் பார்க்கிறார்."

"என்ன விஷயம்?"

"இன்னைக்கு அளத்துல யாரும் ஊதல. வாசல்ல உட்கார்ந்திருக்காங்க. ஊதாம உள்ள விடச் சட்டம் இல்லையே. நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் ஊத வேண்டாம்னு விடியும்போதே சொல்லிட்டுத்தான் வந்தேன். சாவியை நீங்களே வச்சுக்கங்க. பெட்டியை நான் பூட்டவே இல்லை. எங்க அக்கா சேலையைப் போர்த்திப் பக்கத்துலேயே உட்கார்ந்திருக்கா."

அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் என்ன ஆனது என்று பார்க்க நான் நிற்கவில்லை.

வெளியே வெயில் தார் ரோட்டைக் கரைத்துக்கொண்டிருந்தது. கறுப்பு டப்பியை உள்ளங்கைக்குள் வைத்து விரல்களை இறுக்கி மூடினேன். இந்த வில்லையை மூல இடத்தில் மாட்டிவிட்டு, என் அக்காவுக்கு முன்னால் வரிசையில் நான் நிற்கப் போகிறேன். ஆபீஸ் ஆள் எவரும் ஊதாத அந்த வாசலில் முதல் ஆளாக ஊதப் போகிறேன். சிவப்பு எரியும். எல்லோரும் பார்க்கட்டும்.

பைக்கை எடுத்தேன்.